நான்கு நிமிடம் முன்னதாகவே

காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. பதினொன்று இருபத்தெட்டுக்கு, அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. எட்டாயிரத்து நானூற்று அறுபது கிலோமீட்டர்.

செய்தி வந்தது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு. அங்கே ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள், ஒரு கையில் ரப்பர் உறையும் மறு கையில் போனுமாக நின்று, தன் அக்கா விடியற்காலையில் இறந்துவிட்டாள் என்று அக்கா மகன் சொன்னதைக் கேட்டாள். கேட்டு முடித்து, முகம் கழுவிக்கொண்டு, கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க... அக்கா போயிட்டாங்க."

மறுமுனையில் சத்தமே இல்லை. ஐந்து விநாடி. பத்து விநாடி. மனிதர் உடைந்துபோய்விட்டார், நாம்தான் அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அவர் உடையவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டாயிரத்து நானூத்தி அறுபது," என்றார். "நேர் ஃப்ளைட்ல பத்து மணி நாப்பது நிமிஷம். நீ ஒண்ணும் கவலைப்படாத."

ஆம், அவர் அந்த இனம்.

எந்த இனம் என்கிறீர்களா? உங்களுக்குத் தெரிந்த இனம்தான், பெயர்தான் இதுவரை யாரும் வைக்கவில்லை. மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கிப் பார்த்து வேறு மருந்து சொல்கிறவரை உங்களுக்குத் தெரியும். கட்டி முடித்த வீட்டுக்குள் நுழைந்து, வாசலை இந்தப் பக்கம் வைத்திருக்கக் கூடாதோ என்று கேட்கிறவரையும் தெரியும். இவர்களுக்குப் பக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு இல்லாதவர் போல, மேலே பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். பூமியில் எந்த இரண்டு விமான நிலையங்களை வேண்டுமானாலும் சொல்லுங்கள். இடையிலுள்ள தூரத்தையும், பறக்க ஆகும் நேரத்தையும், போகும்போது எதிர்க்காற்றினால் எத்தனை நிமிடம் கூடும், வரும்போது எத்தனை நிமிடம் குறையும் என்பதையும், நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். அவர் வான்தூரக்காரர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். ஊர்ப்பெயர் ஒன்று காதில் விழுந்ததும் கண் இரண்டும் மின்விசிறிப் பக்கம் போகும். உதடு லேசாக அசையும். பிறகு முகத்தில் ஒரு கருணை படரும். எண் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் கதையின் வான்தூரக்காரர், குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையில் மேலாளர். தண்ணீர் வராத குழாய்கள் வரிசை வரிசையாகப் பளபளக்கும் பெரிய கடை. அங்கே அவருக்குக் கல்லாப்பெண் வைத்த பெயர் 'கிலோமீட்டர்'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் முகத்துக்கு நேரே வந்து பல வருடம் ஆகிவிட்டது. அவருக்கு வருத்தம் இல்லை. பட்டம் கிடைத்தவர் எங்கேயாவது வருத்தப்படுவாரா?

ஒருமுறை, குழாய் பொருத்தும் வேலை செய்பவர் ஒருவர் கடைக்கு வந்தார். பழகினவர். ஒரு குழாயைக் கையில் எடுத்துத் திருகிப் பார்த்துக்கொண்டே, "எம் பொண்ணுக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சு நேத்துதான் கிளம்பினா சார்," என்றார்.

"எந்த ஊரு?"

ஊரைச் சொன்னார். கிலோமீட்டரின் கண்கள் மேலே போயின. கருணை படர்ந்தது. "ஏழாயிரத்து இருநூத்திப் பத்து."

"ஐயையோ!" என்று கையிலிருந்த குழாயை அப்படியே கீழே வைத்துவிட்டார் அவர். "போன மாசம் இதுல பாதி விலைகூட சொல்லலையே சார்!"

கல்லாப்பெண் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "ஏன் சார், அந்தப் பொண்ணு பத்திரமா போய்ச் சேர்ந்தாளான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"சேர்ந்திருப்பாம்மா. அந்த ஊருக்குத்தான் நேர் ஃப்ளைட் இருக்கே."

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் ஒரு பூமி உருண்டை இருக்கும். அதன் கழுத்தில் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த கறுப்பு நூல். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முடிச்சு. வீட்டுக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றி உட்கார்ந்ததும், நூலின் ஒரு நுனியை இங்கே கட்டைவிரலால் அழுத்தி, மறு நுனியை உலகத்தின் மறுபக்கம் இழுத்துப் பிடித்து, "சுவர்ல மாட்டற மேப்பை நம்பாதீங்க, அது பொய் சொல்லும், நூல் பொய் சொல்லாது" என்று ஆரம்பிப்பார். வந்தவர் கடனாக ஏணி கேட்க வந்தவராக இருப்பார். அவருக்கு எந்த மேப்பின் மீதும் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனாலும் தலையாட்டுவார். ஏணி வேண்டுமே.

ஆகாயத்தில் விமானம் போனால் இவர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகுதான் விமானத்தை. "பதினஞ்சு நிமிஷம் லேட்டு" என்பார். யாருக்காகவோ வாசலில் காத்திருக்கும் தகப்பனின் கவலை அந்தக் குரலில் இருக்கும்.

இவ்வளவு தெரிந்தவர் எத்தனை தடவை பறந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? மூன்று. போனது ஒன்று, வந்தது ஒன்று, மூடுபனியால் பாதி வழியில் திரும்பிக் கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து விட்டது ஒன்று. அந்த மூன்றாவதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. தூரம் பூஜ்யம் என்று வருகிறதல்லவா?

இந்த இனத்துக்கு ஒரு முக்கியமான குணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இனியுள்ளது விளங்காது. இவர்களுடைய பயணம் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்போது தொடங்கி, சக்கரம் தரையைத் தொடும்போது முடிந்துவிடும். வீட்டைப் பூட்டுவது, பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பது, சாலை, சாலையில் முன்னால் போகும் லாரி, பெட்டியை எடை போடுவது, வரிசையில் நிற்பது, கையெழுத்துப் போடுவது, வெளியே வந்து திசை தெரியாமல் விழிப்பது, இவையெல்லாம் தூரத்தில் சேராது. அவற்றுக்கு ஒரே பெயர்தான்: "பக்கம்தான்." இரண்டு தெரு தள்ளி இருக்கும் தபாலாபீசுக்கு "இதோ பக்கம்தான்" என்று கிளம்பி ஒன்றரை மணி நேரம் கழித்து வருவார். அதில் அவருக்கு எந்த முரணும் தெரியாது. அது பறக்கும் தூரம் இல்லையே.

அக்கா அந்தத் தூர தேசத்துக்கு மகனோடு போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. மகன் அங்கே மின்தூக்கி பழுது பார்க்கிறவன். வாரா வாரம் போன் வரும். "எப்பதான் வருவீங்க ரெண்டு பேரும்?" என்று அக்கா கேட்பாள். தங்கை வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து கிலோமீட்டர் சொல்லிவிடுவார். "பத்து மணி நாப்பது நிமிஷம்தானே! நினைச்சா வந்துட மாட்டோமா?" அக்கா சிரிப்பாள். அவர்கள் ஒருநாளும் நினைக்கவில்லை.

சரி, செய்தி வந்த செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

மதியம் ஒன்றரைக்குள் இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அவர் உருண்டையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, பயணச்சீட்டு போடும் அலுவலகத்துக்குப் போன் செய்து, எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

"சார், இன்னிக்குச் சாயங்காலம் ஏழு பத்துக்கே ஒண்ணு இருக்கு," என்றாள் அலுவலகத்துப் பெண். "ரெண்டு சீட் காலியா இருக்கு. நடுவுல ஒரு இடத்துல இறங்கி மாறணும். மொத்தம் பதினாறு மணி நேரம். போட்டுடட்டுமா?"

"பதினாறா!" கிலோமீட்டர் வாய்விட்டுச் சிரித்தார், அந்த வீட்டில் அன்று கேட்ட ஒரே சிரிப்பு. "ஏம்மா, பத்து நாப்பதுல போற ஊருக்கு யாராவது பதினாறு மணி நேரம் போவாங்களா? வடக்கே இழுத்துக்கிட்டுப் போய்த் திரும்பக் கீழே கொண்டு வர்றான். ரெண்டாயிரத்து நூறு கிலோமீட்டர் கூடுதல்!"

"இல்ல சார், அவசரம்னு சொன்னீங்களே, அதான்..."

"அவசரம்னுதான் சொல்றேன். நேர் ஃப்ளைட் போடு. நாளைக்குக் காலைல ஒம்பது இருபத்தஞ்சு."

அவள் நிமிர்ந்தாள். "இன்னிக்கே கிளம்பினா நல்லதுன்னு தோணுதுங்க."

"தோணும். துக்கத்துல அப்படித்தான் தோணும்." அவர் நூலை எடுத்து உருண்டையின் மேல் வளைத்துக் காட்டினார். இரண்டு முடிச்சு அதிகமாகப் போயிற்று. "பார்த்தியா? நீயே சொல்லு, பத்தே முக்கால் பெருசா, பதினாறு பெருசா?"

பதினாறுதான் பெரியது. அதை யார் மறுக்க முடியும்?

இரண்டே காலுக்கு அக்கா மகன் கூப்பிட்டான். கிலோமீட்டர்தான் எடுத்தார்.

"சித்தப்பா, மின்மயானத்துல ரெண்டு நேரம்தான் காலியா இருக்காம். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி, இல்லாட்டி நாளன்னைக்குக் காலைல பதினொண்ணு. சித்தி ஒரு தடவை பார்க்காம நான் அனுப்ப மாட்டேன். எதைச் சொல்லட்டும்?"

"நாளன்னைக்கே சொல்லச் சொல்லுங்க," என்றாள் அவள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அக்கா முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு யார் என்ன கணக்கு வேண்டுமானாலும் போடட்டும்.

"எதுக்கு?" என்று போனைக் கையால் மூடினார் அவர். "நாளைக்கு அவங்க நேரம் நாலு முப்பத்தஞ்சுக்கு இறங்கறோம். அஞ்சுக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் மிச்சம். வீணா ஒரு ராத்திரி அவங்களை எதுக்குப் பெட்டில வைக்கணும்?"

"ஏர்போர்ட்லேர்ந்து அங்க போக வேணாமா?"

"அது பக்கம்தான்மா."

போனில் பையன் இழுத்தான். "சித்தப்பா, இங்க சாயங்காலத்துல ரோடு கொஞ்சம்..."

"தம்பி, நான் உனக்கு நிமிஷக் கணக்கா சொல்றேன். நாலு முப்பத்தஞ்சு. அஞ்சு மணின்னே போட்டுடு."

பையன் போட்டுவிட்டான். அவனைக் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். மேலும், நாம் எல்லோருமே அப்படித்தான்: "எப்படியும் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்" என்கிறவரைச் சந்தேகப்படுவோம், "நாலு முப்பத்தஞ்சு" என்கிறவரை நம்பிவிடுவோம். பொய்யைக்கூட ஐந்து நிமிடத்தோடு சேர்த்துச் சொன்னால் அதற்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. இங்கே சொன்னது பொய்யும் இல்லை. பதினாறு வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன பறக்கும் நேரம் தப்பியதில்லை என்று அவளுக்கே தெரியும். அதனால்தான் அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பது இருபத்தைந்துக்கு விமானம் கிளம்பியது. ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை. கிலோமீட்டர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, முன் இருக்கையின் முதுகில் இருந்த சின்னத் திரையில் விமானம் ஊரும் படத்தைப் போட்டுக்கொண்டார். ஒருவருக்குத் தன்னுடைய வாழ்க்கையே படமாக ஓடினால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

சாப்பாட்டுத் தட்டு வந்தது. அவள் அதைத் தொடவில்லை. பரிசோதனை நிலையத்தில் ஒவ்வொரு குப்பியிலும் ரத்தம் எடுத்த நேரத்தை எழுதி எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டாமல், பயணச்சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்தது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நேத்துச் சாயங்காலம் ஏழு பத்து ஃப்ளைட்ல ஏறியிருந்தா, இப்ப நாம எங்க இருப்போம்?"

இந்த மாதிரிக் கேள்வி என்றால் அவருக்கு உயிர். கண்கள் மேலே போயின. "ஏழு பத்தோட பதினாறு சேர்த்தா, இன்னிக்கு நம்ம நேரம் பதினொண்ணு பத்து. அதுல மூணரை மணி நேரத்தைக் கழிச்சா, அவங்க நேரம் காலைல ஏழு நாப்..."

நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பதினைந்து.

"இறங்கியிருப்போம்," என்றாள் அவள். "அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே."

"ஆமா," என்றார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு நியாயம் கிடைத்துவிட்டது. "ஆனா பதினாறு மணி நேரம்மா! உனக்குக் கால் வீங்கிப் போகும்."

பார்த்தீர்களா? எது குறைந்த நேரம் பறக்கிறது என்று கேட்டால் இவரை மிஞ்ச ஆளில்லை. எது முன்னால் போய்ச் சேரும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் நிமிடத்தோடு சொல்லியிருப்பார். தங்கைக்கு அக்காவின் முகம் எட்டு மணி நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் முன்னாலேயே கிடைத்திருக்கும். அவருக்கோ இரண்டு முடிச்சு நூல் மிச்சமாயிற்று.

அங்கே மணி நான்கு முப்பத்தொன்றுக்குச் சக்கரம் தரையைத் தொட்டது.

"பார்த்தியா!" என்று முழங்கையால் இடித்தார். கண்ணில் நிஜமாகவே ஈரம். "நான் சொன்னதுக்கு நாலு நிமிஷம் முன்னாடியே!"

அவரைப் பொறுத்தவரை பயணம் அங்கே முடிந்தது. விமானம் ஒப்புக்கொள்ளவில்லை. நிற்க இடம் கிடைக்காமல் இருபது நிமிடம் ஓடுபாதை ஓரத்தில் உறுமிக்கொண்டு நின்றது. இறங்கிய பிறகு நடை. இரண்டு பேர் கைகோத்துப் போகிற அகலத்தில், முடிவே இல்லாமல் வளைந்து வளைந்து போகிற கண்ணாடி நடைபாதை. அதன் முடிவில் ஒரு மண்டபம். மண்டபம் நிறைய மனிதர்கள். பாஸ்போர்ட் பார்க்க எட்டு கூண்டுகள், இரண்டில்தான் ஆள்.

ஐந்து இருபதுக்குப் போன் வந்தது.

"சித்தி, எங்க இருக்கீங்க?"

"வரிசைல நிக்கறேன்பா. எனக்கு முன்னாடி நாப்பது பேரு இருப்பாங்க."

"இன்னும் வெளியவே வரலையா?" பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. அது இவர்கள் வீட்டு அழுகை இல்லை. "அடுத்தவங்களுக்கு அஞ்சரைக்கு நேரம் குடுத்திருக்காங்க சித்தி. கொண்டு வந்துட்டாங்க. வாசல்லயே நிக்கறாங்க. அங்கேர்ந்து இங்க வர இந்த நேரத்துல ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். நான் எல்லார்கிட்டயும் கேட்டுப் பார்த்துட்டேன். நாளைக்குப் பதினொண்ணையும் நேத்தே வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம். நீங்க சொல்லுங்க சித்தி. நீங்க சொன்னாத்தான்."

முன்னால் நாற்பது பேர். கூண்டில் இருந்தவர் ஒரு பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கதைப் புத்தகம் போலப் படித்துக்கொண்டிருந்தார்.

"நடத்துப்பா," என்றாள்.

"போன்லயே காட்டட்டுமா சித்தி? ஒரு நிமிஷம், முகத்தை மட்டும்..."

"காட்டு," என்று அவள் போனை முகத்துக்கு நேரே பிடித்தபோது, சீருடை அணிந்த ஒருவர் வந்து சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். போன் படம். அதன் மேல் சிவப்புக் கோடு. அவர் கடுமையானவர் இல்லை. அவள் போனை உள்ளே வைக்கும்வரை பொறுமையாக நின்றார்.

கிலோமீட்டர் இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். "அங்கேர்ந்து எவ்வளவு தூரம்னு சொன்னான்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், சுவரில் இருந்த நகரப் படத்தில் விரலால் அளந்தார். "நாப்பத்தேழு கிலோமீட்டர் இருக்கும். அதுக்கு ஒண்ணேகால் மணி நேரமா? மணிக்கு முப்பத்தெட்டுகூட வரலையே! இதே ஃப்ளைட்டா இருந்தா மூணே நிமிஷம்..."

"வாயை மூடுங்க," என்றாள் அவள்.

பதினாறு வருடத்தில் முதல் முறை. முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மொழி தெரியாதவர்கள்தான், ஆனாலும் புரிந்துகொண்டு உடனே முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவர்கள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எட்டு மணி ஆகிவிட்டது. எல்லாம் முடிந்து, பையன் குளித்துவிட்டு, வந்தவர்களுக்குக் கொடுத்த தம்ளர்களைச் சமையலறையில் நின்று கழுவிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்று, கழுவியதை வாங்கித் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

"அம்மாவுக்குக் கண்ணாடியைக் கழட்டவே இல்லை சித்தி," என்றான் குழாயைப் பார்த்தபடி. "கண்ணாடி இல்லாட்டி அவங்களுக்கு யாரையும் தெரியாதுல்ல. நீங்க வந்து நின்னா தெரியணுமேன்னு. பைத்தியக்காரத்தனம்தான். கடைசில மயானத்துக்காரங்களே கழட்டச் சொல்லிட்டாங்க, உள்ள விடறதுக்கு முன்னாடி."

அவள் ஒரு தம்ளரை இரண்டாவது தடவை துடைத்தாள்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், மரியாதைக்குத்தான், "பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டார். போதாதா? "எட்டாயிரத்து நானூத்தி அறுபது," என்று தொடங்கிவிட்டது. முதலில் பெரியவர் மட்டும் கேட்டார். பிறகு பையனோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "சார், எங்க ஊருக்கு எவ்வளவு?" "அப்ப எங்க ஊருக்கு?" தூரத்தில் அம்மாவை விட்டு வந்தவன், தம்பியை விட்டு வந்தவன், ஒவ்வொருவனும் ஊர்ப்பெயரைச் சொல்லச் சொல்ல, கண்கள் மேலே போக, கருணை படர, எண் வந்து விழுந்தது. "அவ்வளவுதானா? ஆறு மணி இருபது நிமிஷமா? அட!" என்று ஒருவன் சந்தோஷமாகச் சிரித்தான். நாளைக்கே போகப்போகிறவன் மாதிரி.

துடைத்த தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அந்தச் சிரிப்பைக் கேட்டாள். கணவரைத் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன. ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரிந்த சிரிப்பாக இருந்தது. பரிசோதனை நிலையத்தில் கூட வேலை செய்கிறவள் வருடா வருடம் கேட்பாள்: "உங்க அக்காவைப் பார்க்கப் போகலையா?" இவள் குப்பிக்குப் பெயர் ஒட்டிக்கொண்டே, "பத்து மணி நாப்பது நிமிஷம்தான், எப்ப வேணா போகலாம்" என்பாள். எட்டாயிரத்து நானூற்று அறுபதையும் சேர்த்தே சொல்வாள், கொஞ்சம் பெருமையோடு. கேட்டவள் "அட, அவ்வளவுதானா!" என்பாள். இருவருக்கும் போய் வந்துவிட்ட திருப்தி வந்துவிடும். அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள், கையை நீட்டச் சொல்வார்கள். பதினொரு வருடம். அந்தக் கணக்கு அவளுடையதும்தான்.

நீங்கள் இதுவரை சிரித்திருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் உருண்டை இல்லை, நூல் இல்லை, விமானத்தைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்க்கும் வழக்கமும் இல்லை. நீங்கள் அந்த இனம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சின்னச் சோதனை மட்டும். வேறு ஊரில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். போனில் கூப்பிடும் போதெல்லாம் எப்போது வருகிறாய் என்று கேட்கிற ஒருவர். அவர் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு நேரமாகும்? சட்டென்று வந்துவிட்டதல்லவா, பதில்? ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், காரில் நாலரை மணி நேரம், வழியில் சாப்பிட நின்றால் ஐந்து. நல்லது. கடைசியாக எப்போது போனீர்கள்?

ஏன் மின்விசிறியைப் பார்க்கிறீர்கள்?

மறுநாள் காலை பையன் அம்மாவின் கட்டில் பக்கத்து மேசையைச் சுத்தம் செய்தான். மேல் இழுப்பறையில் மருந்து அட்டைகளும், பேருந்தில் போகும் அட்டையும், நான்காக மடித்த கோடுபோட்ட தாளும் இருந்தன. தாளைச் சித்தியிடம் கொடுத்தான். அக்காவின் கையெழுத்து. 'ஏர்போர்ட்டிலிருந்து நம் வீட்டுக்கு' என்று மேலே எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே எண் போட்டு வரி வரியாக, எந்தக் கதவு வழியாக வெளியே வர வேண்டும், எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும், எந்த எண் பேருந்து, எத்தனையாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும், படியில் ஏறும்போது எந்தப் பக்கம் கைப்பிடி ஆடும் என்பதுவரை இருந்தது. எட்டாவது வரி 'மருந்துக்கடையைத் தாண்டினதும்' என்று தொடங்குகிறது. அதற்கு மேல் எழுதவில்லை.